அருளையா ஊற்றாத நஞ்சு

இத்தாலியில், பலேர்மோவில் எங்கள் தமிழ் ஆக்களில் அரைவாசிப் பேருக்குக் குகனேஸ்வரியைத் தெரியும். பக்கத்து ஊரான பகேரியாவில் ஒரு சிஞ்ஞோராவின், இத்தாலிய அம்மாவின், வீட்டில் தங்கி வேலை செய்கிறவள். வெள்ளிக்கிழமைகளில் கோவிலுக்கு வந்து பூக்கட்டிவிட்டு, அதிகம் கதையாமல் ரயிலேறிப் போனவள். போன வருசம் அவள் பேர் பலர் வாயில் அடிபட்டது. நடந்ததை நான் அவளிடமே கேட்டேன், மரம் வெட்டுகிற ஜோக்கிமிடமும் கேட்டேன். இருவரும் சொன்னதில் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை.

அவள் இத்தாலிக்கு வந்தது 2006இல். புருசன் அதற்கு முன்னரே பிரான்சுக்குப் போய் அங்கே இன்னொரு குடும்பமாகிவிட்டான். பிள்ளைகள் இல்லை. வுச்சீரியாச் சந்தைக்குப் பின்னால் ஒரு மூன்றாம் மாடி வீட்டில், இரண்டு குடும்பங்களோடு, ஒரு திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் பத்து வருசம் படுத்தெழும்பினாள். ஒரு கிழவரைப் பராமரிக்கிற வேலை. 2016 மாசி மாதம் கிழவர் செத்துப்போனார். அவரோடு அவளுடைய கொன்றாத்தோவும், அதுதான் வேலை ஒப்பந்தம், முடிந்தது. ஒக்டோபரில் பெர்மெசோவை, இங்கே தங்குகிற அனுமதியை, புதுப்பிக்க வேண்டும். ஒப்பந்தக் கடிதம் இல்லாமல் குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் எந்தச் சன்னலுக்கு முன்னால் போய் நிற்பது? அவள் கையில் மிஞ்சியது பகேரியாவில் கிழமைக்கு மூன்று காலை, கடிதம் ஒன்றும் இல்லாத துப்புரவு வேலை மட்டும்தான்.

அந்த வீட்டுச் சிஞ்ஞோராவின் பேர் அகாத்தா. புருசனை இழந்து தனியாக இருந்தவர். மஞ்சள் நிற வீடு. முன்னால் எலுமிச்சை, பின்னால் பெரிய வளவு. வளவின் மூலையில் கசிகிற பழைய தண்ணீர்த் தொட்டி. தொட்டிக்குப் பக்கத்தில் இரண்டு உயரமான மரங்கள். சிஞ்ஞோராவின் புருசன் நாற்பது வருசத்துக்கு முதல் வடக்கு இத்தாலியிலிருந்து கன்று கொண்டுவந்து வைத்தது. வீட்டில் எல்லாரும் அதை 'நோச்சே', வால்நட் என்றுதான் சொல்வார்கள். ஆனால் காயை ஒருவரும் தின்றதில்லை. சுத்தியலால் அடித்தாலும் உடையாது. ஐப்பசியில் விழுகிற பச்சைக் காய்கள் நிலத்துக் கல்லைக் கறுப்பாக்கிவிடும், பொறுக்குகிற ஆளின் விரலையும் சேர்த்து.

பொறுக்குகிற ஆள் அருளையா. பதினொரு வருசமாக அந்த வீட்டுத் தோட்டக்காரர். கராஜுக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறை அவருடையது. நேரம் தவறாத மனுசன், கொஞ்சம் முன்கோபி. குகனேஸ்வரிக்கு அவர் 'அண்ணை', அவருக்கு அவள் 'தங்கச்சி'. மத்தியானத்தில் அவர் சமைத்தால் அவளுக்கும் ஒரு கோப்பை மூடி வைப்பார்.

அந்த வீட்டில் தக்காளி என்பது சின்ன விசயம் இல்லை. ஆவணியில் அறுபது கன்றின் பழத்தையும் அவித்து, வடித்து, போத்தலில் அடைத்து, வருசம் முழுக்க வைத்துக்கொள்வார்கள். அந்த வருசம் வரைக்கும் பாத்தி முன்பக்கம், எலுமிச்சைக்கு நடுவில் இருந்தது. அந்த மாரியில் மிலானோவிலிருந்து வந்த மகன் அந்த இடத்துக்குக் கார் நிறுத்தச் சீமெந்து போட்டுவிட்டான். அருளையா பாத்தியைப் பின்னுக்குக் கொண்டுபோனார். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கம் என்றால் குழாய் இழுக்கத் தேவையில்லை. தக்காளி, கத்தரி, கறிமிளகாய், அதற்கு அப்பால் வெங்காயமும் போஞ்சியும். வைகாசி கடைசிவரை எல்லாம் வடிவாக வந்தன.

ஆனி மாதம் அருளையா லீவு கேட்டார். மகள் ஜெனனிக்கு ஊரில் கலியாணம், ஆவணி நடுவில். சிஞ்ஞோரா, சோஸ் போட்டு முடிந்த பிறகு போகலாம் என்றார்.

"கலியாணம் முடிஞ்சு போய் என்ன செய்யிறது, சிஞ்ஞோரா?" என்று அருளையா கேட்டார்.

"திகதியை மாத்தச் சொல்லு."

அன்றைக்கு அருளையா சத்தம் போட்டார். பாதி இத்தாலியன், பாதி தமிழ். "உங்கட தக்காளி எரிஞ்சு போகட்டும்" என்றதை மட்டும் இரண்டு மொழியிலும் சொன்னார். குகனேஸ்வரி குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். எல்லாம் கேட்டது.

இரண்டு நாள் கழித்து அவர் குசினி வாசலில் வந்து நின்றார். "தங்கச்சி, ஒரு துண்டுச் சவுக்காரம் தாருமன். கண்டிலை பேன் பூச்சி பிடிச்சுக்கிடக்கு, கரைச்சு ஊத்தவேணும்." கோபம் ஆறியிருந்தது. அவள் உடுப்புத் தோய்க்கிற சவுக்காரத்தில் பாதியை வெட்டிக் கொடுத்தாள். அவர் வாளியில் கரைத்துப் பாத்தி பாத்தியாகத் தெளித்ததைச் சன்னலால் பார்த்தாள்.

ஒரு கிழமைக்குள் நாலு தக்காளி வாடின. மண் ஈரமாகத்தான் இருந்தது. அருளையா இன்னும் தண்ணீர் விட்டார். பத்து நாளில் அறுபதும் தலை தொங்கின, காய் காயாகவே. கத்தரியும் கறிமிளகாயும் அதேபோல் வாடின. தண்டை வெட்டினால் உள்ளே மண்ணிறம். ஒரு தண்டைக் கொண்டு கடைக்குப் போய்க் காட்டி மருந்து வாங்கி வந்தார். ஒன்றும் பிழைக்கவில்லை.

சிஞ்ஞோரா குகனேஸ்வரியைக் கூப்பிட்டு முன்னால் இருத்தினார். இருக்கச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"அவன் வாளியிலை எதையோ ஊத்தினதை நான் மேலை இருந்து கண்டனான். நீயும் கண்டனியா?"

"ஓம். கண்டனான்."

"நஞ்சா?"

வாளியில் என்ன இருந்தது என்று அவளுக்குத் தெரியும். சவுக்காரம் என்ற சொல்லுக்கு இத்தாலியனும் தெரியும், சபோனே. அந்த வீட்டில் ஒவ்வொரு நாளும் சொல்கிற சொல். ஆனால் சிஞ்ஞோரா அடுத்ததாக ஒன்று சொன்னார்: "அவன் போனால் எனக்கு வீட்டோடை தங்கிற ஆள் வேணும். கொன்றாத்தோவோடை."

குகனேஸ்வரி சொன்னது ஒரு சொல்: "ஃபோர்சே." இருக்கலாம்.

பிறகு என்னிடம் அவள் இதைச் சொன்னபோது, "நான் ஓம் எண்டு சொல்லேல்லை" என்றாள். பிறகு அவளே, "ஓம் எண்டு சொல்லியிருந்தாலும் அவ்வளவுதான்" என்றாள்.

சிஞ்ஞோரா அருளையாவை நிற்பாட்டி, வீட்டை விட்டுப் போக இரண்டு நாள் தவணை கொடுத்தார். பதினொரு வருசச் சாமான் ஒரு சூட்கேசிலும் மூன்று பையிலும் அடங்கியது. போகும்போது அவளைப் பார்த்து, "தங்கச்சி, நீர் சொல்லுமன், அது சவுக்காரத் தண்ணி எண்டு" என்றார். அவள் படிக்கட்டைக் கூட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

அவருடைய பெர்மெசோவும் அந்த வருசம் முடிகிற தறுவாய். வேலை இல்லாமல் ஊருக்குப் போனால் திரும்பி வரமுடியாமல் போய்விடும் என்று ஆக்கள் பயப்படுத்தினார்கள். கலியாணத்தை வுச்சீரியாவில் ஒரு நண்பனின் அறையில் இருந்து போனில் பார்த்தார். தாரைவார்க்க அவருடைய தம்பி நின்றார்.

குகனேஸ்வரி கராஜுக்குப் பின்னால் இருந்த அறைக்கு வந்தாள். கதவுள்ள அறை, அவளுக்கு மட்டும். ஒக்டோபரில் பெர்மெசோ கிடைத்தது. அந்த அறைக்கு வந்த கிழமையே, கோவிலில் ஒரு பெண் எப்படி அந்த வேலை கிடைத்தது என்று கேட்டபோது, "அருளையா அண்ணை கோபத்திலை மருந்து ஊத்திப்போட்டார், சிஞ்ஞோரா நிப்பாட்டிப்போட்டா" என்றாள். ஒரே ஒருத்தியிடம்தான் சொன்னாள். அது போதுமாக இருந்தது. அதன்பிறகு எந்த வீட்டிலும் அவரைத் தோட்ட வேலைக்கு எடுக்கவில்லை. ஒரு வருசம் பிற்சா கடையில் கோப்பை கழுவினார், பிறகு துறைமுகத்தில் நாப்போலிக் கப்பலின் அறைகளைத் துப்புரவாக்கப் போனார்.

அடுத்த வருசம் சிஞ்ஞோரா அதே இடத்தில் தக்காளி வைக்கச் சொன்னார். குகனேஸ்வரி வைத்தாள். ஆடியில் செத்தன. "அந்த மனுசன்ரை நஞ்சு இன்னும் மண்ணுக்குள்ளை கிடக்கு" என்றார் சிஞ்ஞோரா. மூன்றாம் வருசம் பழைய மண்ணை அள்ளிவிட்டு லொறியில் புது மண் கொண்டுவந்து போட்டார்கள். அந்த முறை கொஞ்சம் காய்த்தன, பிறகு அதே கதை. அவளும் தன்னால் இயன்றதைச் செய்தாள். இலையுதிர் காலத்தில் அந்த இரண்டு மரத்தின் இலையையும் கூட்டி, சூடு தாங்கட்டும் என்று பாத்தியில் மெத்தைபோல் பரப்பினாள். வெங்காயமும் போஞ்சியும் ஒவ்வொரு வருசமும் நன்றாகவே வந்தன. அதை அவள் யோசித்தாளா என்று கேட்டேன். "யோசிச்சனான். யோசிச்சிட்டு விட்டிட்டன்" என்றாள்.

2023 வைகாசிக் கடைசியில் அடித்த காற்றில் ஒரு பெரிய கிளை முறிந்து கராஜ் ஓட்டில் விழுந்தது. மரம் வெட்டுகிற கொப்பரத்தீவாவுக்கு, சேர்ந்து வேலை செய்கிற சங்கத்துக்கு, மகன் போன் பண்ணினான். வந்தவர்களில் ஒருவன் ஜோக்கிம், முப்பத்தெட்டு வயது, எங்கள் ஆள். வடக்கு இத்தாலியில் பலகைக்காகவே மரம் வளர்க்கிற தோட்டங்களில் ஆறு வருசம் நின்றவன். ஏணியால் இறங்கி வந்து முறிந்த கொப்பைத் தூக்கிப் பார்த்தான்.

"அக்கா, இதைச் சும்மா வால்நட் எண்டோ சொல்லுறியள்?"

"ஓம். ஏன்?"

"இது நோச்சே நேரோ. கறுப்பு வால்நட்." ஒரு இலைக் காம்பை ஒடித்து அவளிடம் நீட்டினான். "எண்ணிப் பாருங்கோ, ஒரு காம்பிலை எத்தினை குட்டி இலை எண்டு."

அவள் எண்ணினாள். பதினெட்டு.

"சாதாரண வால்நட்டிலை ஏழு, ஒம்பதுதான் இருக்கும். அகலமா, விளிம்பு மழுக்கமா. இதிலை விளிம்பைத் தடவுங்கோ, அரம் மாதிரி. நுனியிலை இருக்கவேண்டிய இலையைக் காணேல்லை, பாத்தியளோ? பட்டையும் கறுத்து, ஆழமா வெடிச்சுக் கிடக்கு. மற்றது சாம்பல் நிறமா, வழுவழுப்பா இருக்கும்." காலடியில் கிடந்த போன வருசத்துக் காயைத் தட்டினான். "இது உடையாதே, என்ன?"

மதிலோரம் இதே மாதிரி இலையோடு நின்ற சின்னக் கன்றுகளைக் காட்டி அவை என்ன என்று அவள் கேட்டாள். அவன் ஒன்றின் குச்சியை நீளவாக்கில் பிளந்தான். உள்ளே ஏணிப்படி மாதிரி தட்டுத்தட்டாக இருந்தது. "இதுவும் அதுதான். விழுந்த காயிலை முளைச்சது. இதே மாதிரி இலையோடை ஐலாந்தோ எண்டு ஒண்டு ரோட்டோரமெல்லாம் முளைக்கும், நாத்தம் பிடிச்ச மரம், அதின்ரை உள்ளுக்கு இப்பிடித் தட்டு இராது. எது முளைச்சாலும் பிடுங்குங்கோ, விடாதேங்கோ." பிறகு பாத்தியைப் பார்த்தான். சிரித்துவிட்டான். "ஆர் இதுக்குக் கீழை தக்காளி வைச்சது? விசரோ?"

"ஏன்?"

"இந்த மரம் வேராலை ஒரு நஞ்சு விடும், அக்கா. இலை, காய்த் தோல், எல்லாத்திலும் இருக்கு. தக்காளி, கத்தரி, மிளகாய் ஒண்டும் நிக்காது. காய்க்கிற நேரம் பாத்து வாடிச் சாகும். தண்டை வெட்டினால் உள்ளுக்கு மண்ணிறமா இருக்கும். வெங்காயம், போஞ்சியை ஒண்டும் செய்யாது."

அவள் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் இருந்தாள்.

"இலையைக் கொண்டுவந்து பாத்தியிலை போட்டதும் நீங்களோ?" என்று ஜோக்கிம் கேட்டான்.

"ஓம்."

"சரியாப் போச்சு. நீங்களே நஞ்சு வைச்சிருக்கிறியள்" என்றான். அவன் பகிடிக்குத்தான் சொன்னான். அருளையாவின் கதை அவனுக்குத் தெரியாது.

மரத்தை வெட்டினால் தீருமா என்று கேட்டாள். உடனே தீராது, வேர் மண்ணுக்குள் உக்கி முடியச் சில வருசம் செல்லும் என்றான். இலையையும் காயையும் விழ விழ அள்ளவேண்டும், வெட்டுகிற மரத்தூளையும் பாத்திக்குப் போடக்கூடாது, தக்காளி வேண்டுமென்றால் முன்பக்கம் எலுமிச்சைப் பக்கமாகப் பலகைப் பெட்டி அடித்துப் புது மண்ணில் வைக்கவேண்டும். இவ்வளவும் சொல்லிவிட்டு ஏணியில் ஏறிப்போனான்.

அன்று பின்னேரம் அவள் சிஞ்ஞோராவிடம் சொன்னாள். சிஞ்ஞோராவுக்கு அப்போது எண்பத்திரண்டு. கேட்டுவிட்டுச் சன்னலால் மரத்தைப் பார்த்தார்.

"அது என்ரை புருசன் வைச்ச மரம்" என்றார்.

"அருளையா ஒண்டும் ஊத்தேல்லை, சிஞ்ஞோரா. அது சவுக்காரத் தண்ணி. நான்தான் சவுக்காரம் குடுத்தனான்."

"அப்ப நீ ஏன் அண்டைக்குச் சொல்லேல்லை?"

குகனேஸ்வரி மேசையில் இருந்த கோப்பையை எடுத்தாள்.

"அவன் என்ரை வீட்டிலை நிண்டு சாபம் போட்டவன். எப்பிடியும் அனுப்பித்தான் இருப்பன்" என்றார் சிஞ்ஞோரா. "மரம் நிக்கட்டும். இந்தக் கதையை வெளியிலை கொண்டு போகாதை."

நாலு நாள் அவள் ஒன்றும் செய்யவில்லை. ஐந்தாம் நாள் ரயிலேறிப் பலேர்மோவுக்கு வந்து, துறைமுக வாசலில் நின்றாள். நாப்போலிக் கப்பல் காலையில் வரும். துப்புரவு ஆக்கள் இரண்டு மணிக்கு வெளியே வருவார்கள். ஏழு வருசத்தில் அவரைத் தெருவில் கண்டபோதெல்லாம் மறுபக்கம் மாறிப் போனவள் அன்றைக்கு நேரே போனாள். அருளையாவின் தலை முழுக்க நரைத்திருந்தது.

"அண்ணை, உங்களோடை ஒரு கதை கதைக்கவேணும்."

"சொல்லுங்கோ" என்றார். முன்பு 'நீர்' என்றவர் இப்போது 'நீங்கள்' என்றார்.

அவள் மரத்தைப் பற்றிச் சொன்னாள். பதினெட்டு இலை, வேர், தக்காளி, எல்லாம். முடிந்ததும் அவர், "மரத்தைப் பற்றி எனக்குத் தெரியாது. நான் ஊத்தேல்லை எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும். உங்களுக்கும் தெரியும்" என்றார்.

"ஓம், அண்ணை."

"அப்ப என்னட்டைச் சொல்லி என்ன? ஆர் ஆருக்குச் சொன்னியளோ அவைக்குப் போய்ச் சொல்லுங்கோ."

"சொல்லுறன். கோவிலிலை எல்லாருக்கும் முன்னாலை சொல்லுறன்."

அவர் தன் போனை எடுத்து ஒரு எண்ணைக் காட்டினார். "முதல் ஒராளுக்குச் சொல்லுங்கோ. ஜெனனி என்னோடை கதைக்கிறேல்லை. நான் எடுத்தால் எடுக்கமாட்டா. உங்கடை போனிலை எடுங்கோ."

வாசலுக்குப் பக்கத்தில் லொறிகள் வரிசையாக நின்றன. அவள் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டாள். ஊரில் பின்னேரம். ஒரு பெண் குரல் வந்தது, பின்னால் குழந்தையின் சத்தம். குகனேஸ்வரி தன் பேரைச் சொன்னாள். பகேரியா வீடு என்றாள். உங்கள் அப்பா ஒரு பிழையும் செய்யவில்லை, மரத்தின் நஞ்சு அது, பொய் சொன்னது நான்தான் என்றாள். மூச்சு விடாமல் சொன்னாள்.

மறுபக்கம் ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

"உங்கடை கதைதான் கலியாணத்துக்கு முதல் இஞ்சை வந்தது" என்றாள் ஜெனனி. "மாமியாக்களின்ரை சொந்தம் ஒண்டு பலேர்மோவிலை இருக்கு. தேப்பன் வெள்ளைக்காரிக்கு நஞ்சு வைச்சு மாட்டுப்பட்டிட்டார், அதுதான் வரேல்லையாம் எண்டு மணவறையிலை எனக்குக் கேக்கக் கதைச்சவை. ஏழு வருசமாச் சொல்லிக் காட்டுகினம். இப்ப மரம் எண்டு நான் ஆருக்குப் போய்ச் சொல்லுறது?"

"பிள்ளை, அப்பா பக்கத்திலை நிக்கிறார். ஒரு சொல்லுக் கதையுங்கோ."

"அவர் வந்திருக்கலாம்" என்றாள் ஜெனனி. "பெர்மெசோ போனால் போகட்டும் எண்டு வந்திருக்கலாம்."

போன் நின்றுவிட்டது. குகனேஸ்வரி திரும்ப எடுக்கப் பார்த்தாள். அருளையா கையைக் காட்டித் தடுத்தார்.

"போதும். அவ சொல்லுறதும் சரிதான்." பையைத் தோளில் மாட்டினார். "நீங்கள் போங்கோ. இனி இஞ்சை வராதேங்கோ."

அந்த வெள்ளிக்கிழமை அவள் கோவிலில் சொன்னாள். பூசை முடிந்து சனம் பிரசாதத்துக்கு நிற்கையில், எழும்பி நின்று, அருளையாவைப் பற்றித் தான் சொன்னது பொய் என்று சொன்னாள். நானும் அங்கே நின்றேன். ஒருவர், "சரி, பழைய கதை, விடுங்கோ அக்கா" என்றார். இன்னொருவர் சோற்றுக் கோப்பையை நீட்டினார். அருளையாவிடம் போய் மன்னிப்புக் கேட்டவர் ஒருவரும் இல்லை. தாங்கள் வேலை செய்கிற வீடுகளில் அவரைச் சேர்த்துவிட மறுத்த இரண்டு பேர் அன்று அங்கேதான் நின்றார்கள். ஒருவர் என் காதுக்குள், "இவளின்ரை வாயை எப்பிடி நம்புறது?" என்றார்.

அதற்குப் பிறகு பூக்கட்டுகிற பாயில் அவளுக்குப் பக்கத்தில் பெண்கள் இருப்பதில்லை. ஒன்றும் சொல்லமாட்டார்கள், இடம் மாறி இருப்பார்கள். தைக்குப் பிறகு அவள் வருவதை விட்டுவிட்டாள். அருளையா ஜெனோவாவுக்குப் போகிற கப்பலில் வேலை எடுத்து, அங்கேயே தங்கிவிட்டதாகக் கேள்வி. ஜெனனி இன்னும் கதைப்பதில்லை என்பதும் கேள்விதான், நான் விசாரிக்கவில்லை.

மரம் இரண்டும் நிற்கின்றன. சிஞ்ஞோரா இப்போது படுக்கையில். சொன்னதைக் கேளாமல் கதையை வெளியே கொண்டுபோனதற்காக அவர் குகனேஸ்வரியுடன் தேவைக்கு மேல் ஒரு சொல் பேசுவதில்லை. ஆனால் நிற்பாட்டவும் இல்லை. தூக்கிக் குளிப்பாட்ட வேறு ஆள் இல்லை. இந்த வைகாசியில் ஜோக்கிம் கிளை வெட்ட மறுபடி போயிருக்கிறான். ஏணியைச் சாத்திவிட்டு அவளிடம் கேட்டானாம்: "அக்கா, இந்த வீட்டை விட்டிட்டு வேறை இடம் பாக்கலாமே?"

"ஆர் என்னை எடுப்பினம், தம்பி?" என்றாளாம்.

ஜோக்கிம் அவளை ஏணியிலிருந்து தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு மரம் அரிகிற வாளை இயக்கினான்.